கர்த்தர் கலயத்தில் மாட்டிய கை

உப்புக்கு வரி இல்லாத காலம். குரங்குகள் மனுஷரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்திலே செம்மணல்விளை என்று ஒரு ஊர் இருந்தது. இந்தக் கதையிலே ராஜா கிடையாது, மந்திரி கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராஜாதான் வேணும் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். யாரும் போகவில்லையா? சரி, அப்போ வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.

செம்மணல்விளையிலே பார்த்த பக்கமெல்லாம் சிவப்பு மணல், பனைமரம், நடுவிலே ஓலை வேய்ந்த ஒரு கோயில். ஊர் ஜனம் அத்தனை பேரும் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டிலே சோறு பொங்கினாலும், அரிசியைக் களைகிறதுக்கு முன்னாலே ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு கலயத்திலே போட்டுவிட வேண்டும். அதற்குப் பேர் கர்த்தர் கலயம். வாய் ஒடுங்கின மண் கலயம். கையை விரித்து வைத்தால் நுழையும், மடக்கினால் நுழையாது.

கலயம் நிறைந்ததும் கோயில் களஞ்சியத்திலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கஷ்டப்பட்ட வீட்டுக்கு அதிலிருந்துதான் கஞ்சி போகும். வருஷத்துக்கு ஒரு தடவை அசனம் வைக்கிறதும் அந்த அரிசியிலேதான். அசனம் தெரியுமில்லையா? உள்ளூர், வெளியூர், வழியோடு போகிறவன், எல்லாரும் ஒரே பந்தியிலே உட்கார்ந்து சாப்பிடுகிற கோயில் விருந்து.

அந்த ஊரிலே தபீத்தாள் என்று ஒருத்தி இருந்தாள். அவளைப் போல வீட்டைக் கட்டி நடத்துகிறவள் ஏழு ஊருக்கு இல்லை. கடைச்சரக்கு என்று ஒன்று அவள் வாசல்படி ஏறினதில்லை. நெல்லை அவளே குத்துவாள். தவிடு மாட்டுக்கு, உமி அடுப்புக்கு, உமிச்சாம்பல் பல் விளக்க. வாழைக்காய்த் தோலிலே துவையல், பூசணிக் குடலிலே கூட்டு, மீன் தலையிலே குழம்பு. கருப்பட்டி காய்ச்சின சட்டியைக் கழுவின தண்ணீர் அவள் வீட்டிலே பானகம். மீன் சட்டி கழுவின தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றி ஊற்றி, காய்க்கிற கத்தரிக்காயிலேயே சாளைமீன் வாசம் அடித்ததாம். மீன் கிடைக்காத நாளிலே அந்தக் கத்தரிக்காயைப் போட்டுத்தான் பூனையைச் சமாதானம் பண்ணுவாளாம். இது பக்கத்து வீட்டு சாலோமி சொன்னது. சாலோமி சொல்கிறதிலே பாதியைத் தள்ளிவிடுங்கள். மிச்சப் பாதியே நமக்குப் போதும்.

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அவள் கைப்பக்குவம் யாருக்கும் வராது. வெறும் கஞ்சியையும் ஒரு கீற்று ஊறுகாயையும் வைத்தே விருந்து பண்ணிவிடுவாள். "ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த ஆண்டவரே மிச்சம் விழுந்த துணுக்கைக் கூடையிலே பொறுக்கச் சொன்னாரு. நமக்கென்ன கொழுப்பு, பருக்கையைக் கீழ சிந்த?" என்பாள். நியாயமான பேச்சு. அதிலே குற்றம் சொல்ல யாராலும் முடியாது.

இப்படி இருக்கையிலே, களஞ்சியத்துச் சாவியை வைத்திருந்த உக்கிராணக்காரர் காலமாகிவிட்டார். நல்ல மனுஷன், ஆனால் சரியான தூங்குமூஞ்சி. அவர் காலத்திலே பாதி அரிசி வண்டுக்குப் போயிற்று. பஞ்ச வருஷத்து அசனத்திலே சின்னப் பிள்ளையாக இருந்த தபீத்தாள் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வருகிறபோது சோறு தீர்ந்துபோயிற்று. வெறும் இலையோடு எழுந்து வந்தவள், "அந்தச் சாவி மட்டும் என் கையிலே இருந்திருந்தா" என்று அன்றைக்கு நினைத்தாள். அது முதல் அந்தச் சாவி மேலேதான் அவளுக்கு உசிர். நகை கேட்டவள் இல்லை, பட்டு கேட்டவள் இல்லை. சாவி, சாவி, சாவி.

உபதேசியார் மாசிலாமணி கோயிலிலே அறிவிப்புச் சொன்னார். "சபையாரே, மூணு மாசத்திலே அசனம். எந்த வீட்டிலே ஒரு பருக்கையும் வீணாகலையோ, அந்த வீட்டம்மா கையிலே சாவியைக் கொடுப்போம். நான் வீடு வீடா வந்து எட்டிப் பார்க்க மாட்டேன். காகத்தைத்தான் பார்ப்பேன். எந்த வீட்டுக் கூரையிலே காகம் உட்காரலையோ, அதுதான் நல்ல உக்கிராண வீடு."

தபீத்தாள் வீட்டுக் கூரையிலே காகம் உட்கார்ந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. சாவி பாதி கைக்கு வந்த மாதிரிதான். அத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தாளா? வீட்டிலே இன்னும் எங்கே எங்கே ஒழுகுகிறது என்று தேட ஆரம்பித்தாள்.

முதலிலே எறும்பு. புற்று வரைக்கும் கூடவே போய், இழுத்துக்கொண்டு போன ஏழு அரிசியையும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்தது கஞ்சி. அவள் புருஷன் சுவிசேஷமுத்து பனையேறி. விடியற்காலம் கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பான். ஆவியெல்லாம் வீணாகப் போகிறதே என்று, சளி பிடித்த மகள் மில்காளை எதிரே உட்காரவைத்து அந்த ஆவியிலேயே வேது பிடிக்கவைத்தாள்.

மூன்றாவதாகத்தான் அவள் கண் புருஷனுடைய கையிலே விழுந்தது.

அந்த வீட்டிலே கர்த்தர் கலயத்துக்குப் பிடியரிசி போடுகிறது சுவிசேஷமுத்துதான். இருபது வருஷம் பனைமரத்தைக் கட்டிப்பிடித்த கை. அது ஒரு பிடி பிடித்தால் மில்காளுக்கு ரெண்டு வேளைச் சோறு. "ஏயப்பா! ஒழுகுற ஓட்டை இங்கல்லா இருக்கு!" என்று தபீத்தாள் தலையிலே அடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து, "நீங்க மரத்துக்குப் போங்க, பிடியரிசி நான் போட்டுக்கிடுதேன்" என்றாள். அவள் கை அவன் கையிலே பாதி. ஒரு மாசம் போயிற்று.

அப்புறம் யோசித்தாள். "பிடின்னா பிடிதான். யாரு பிடின்னு கர்த்தர் சொன்னாரா?" என்று மில்காளைப் போடச் சொன்னாள். மூன்று வயசுப் பிள்ளையின் கை. இன்னொரு மாசம் போயிற்று.

அப்புறமும் யோசித்தாள். அதுதான் வினை. பிள்ளை வளர்கிறாளே, வளர வளரக் கையும் வளருமே! வளராத கை எங்கே கிடைக்கும்?

ஊர்ப் புளியமரத்திலே ஒரு குரங்கு இருந்தது. குரங்குக் கூட்டத்திலேயே சின்னது. அதனாலே ஊர்ப் பிள்ளைகள் கேலியாக, வேதத்திலே வருகிற ராட்சசனுடைய பேரை எடுத்து, அதற்கு கோலியாத்து என்று பேர் வைத்திருந்தார்கள். தபீத்தாள் அதைக் கூப்பிட்டாள்.

"ஏ கோலியாத்து, தினமும் வந்து ஒரு பிடி அரிசி எடுத்துக் கலயத்திலே போட்டுட்டுப் போறியா?"

"கூலி என்னக்கா?"

"கர்த்தர் வேலைக்குக் கூலி கேக்கலாமா? ஆசீர்வாதம் கிடைக்கும்."

"அது இனிக்குமா, புளிக்குமா?"

"பொறுத்திருந்து பாரு."

குரங்கு பொறுத்திருந்தது. ஏன் தெரியுமா? அது பிறந்ததிலிருந்து அதைக் கல்லெறிந்து துரத்தாமல் வாசல் வழியாக உள்ளே கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். அந்தச் சந்தோஷத்திலே அது கையைக் கழுவும், கண்ணை மூடி ஜெபம் பண்ணும், தன் கை கொண்டமட்டும் நிறைய அள்ளி, ஒரு அரிசி சிந்தாமல் கலயத்திலே போடும். எண்ணிப் பார்த்தால் பதினாறு அரிசி. தபீத்தாளுக்கு ரொம்பத் திருப்தி. பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழட்டும் கர்த்தருடைய வேலை என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது மாசமும் போயிற்று.

அசனத்து நாள் வந்தது. காலையிலே எல்லாரும் அவரவர் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். தபீத்தாள் தன் கலயத்தைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. அதிலே பாதி, சுவிசேஷமுத்து அந்தப் பெரிய கையாலே முன்னே போட்டது.

பார்த்தாளோ இல்லையோ, வயிறு எரிந்தது. "அவரு விவரமில்லாமப் போட்டதுல்லா இது? குரங்குப் பிடிதான் சரியான பிடின்னா, மிச்சம் எல்லாம் நம்மளுது." கலயத்தைக் கவிழ்த்துக் கொட்ட மனசு வரவில்லை. கவிழ்த்தால் அது திருட்டு. பிடி பிடியாகப் போட்டதைப் பிடி பிடியாக எடுத்தால் அது வெறும் திருத்தம். இப்படி நியாயம் பேசிக்கொண்டு வலது கையை உள்ளே விட்டாள். நல்லா இறுக்கி ஒரு பிடி பிடித்தாள். இழுத்தாள்.

வரவில்லை.

இன்னும் இழுத்தாள். கலயமும் கூடவே வந்தது.

பதநீர்க் கலயத்தோடு வீட்டுக்குள்ளே வந்த சுவிசேஷமுத்து பெண்டாட்டியைப் பார்த்தான், கலயத்தைப் பார்த்தான். நடந்தது முழுக்க அவனுக்கு விளங்கிவிட்டது. "ஏட்டி, கையை விரி. வந்துரும்."

"விரிச்சா அரிசி விழுந்துருமே!"

"விழட்டும்."

"நல்லாச் சொன்னீங்க! பிடிச்சிருக்க வரைக்கும் இது நம்ம அரிசி. கையை விட்டா கர்த்தர் அரிசி. கர்த்தர் அரிசியை மறுபடி தொட்டா அது களவுல்லா? நான் களவாங்குறவளா?"

சுவிசேஷமுத்து கொஞ்ச நேரம் பனை உயரத்துக்கு யோசித்தான். "அப்போ கலயத்தை உடைச்சிருவோம்."

"நல்ல கலயத்தை உடைக்கவா? உங்களுக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?"

"எண்ணெயைத் தடவிப் பாப்போம்."

"நல்லெண்ணெயைக் கையிலே பூசி வீணாக்கவா? ஐயோ, இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!"

அவன் துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். தபீத்தாளும் சும்மா நிற்கவில்லை. மாட்டினது மாட்டிப்போச்சு, கலயத்துக்கும் ஒரு வேலை கொடுப்போம் என்று, பிசைந்து வைத்திருந்த கேப்பை மாவைக் கலயத்து அடியாலேயே தட்டி ஆறு அடை சுட்டாள். அடை நல்ல வட்டமாகக்கூட வந்தது. அப்புறம் முந்தானையாலே கலயத்தையும் கையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள். அவள் உள்ளே ஒரே பயம். சாவியை இன்றைக்குத் தவறவிட்டால் இனி இந்த ஜென்மத்திலே இல்லை.

கோயில் முற்றத்திலே ஏழு அண்டா. ஏழிலும் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. புது உக்கிராணக்காரி சாவியை வாங்கிக் களஞ்சியத்தைத் திறந்து, முதல் பிடியை அவள் போட்ட பிறகுதான் உலையிலே அரிசி விழும். வெளியூர் ஜனம் எல்லாம் இலையைக் கையிலே வைத்துக்கொண்டு மணலிலே உட்கார்ந்திருந்தது.

தபீத்தாள் வருகிறதைப் பார்த்த சாலோமிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பாருங்கம்மா பாருங்க! காணிக்கைக் கலயத்தைக் கையை விட்டு இறக்காமக் கொண்டு வாராளே! தரையிலகூட வைக்கமாட்டேங்கா! இதுல்லா பக்தி!"

"பக்தி! பக்தி!" என்று ஊரே சொல்லிற்று. தபீத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதையும் பக்தி என்றுதான் சொன்னார்கள்.

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சாண் நீளச் சாவியை எடுத்தார். "தபீத்தா, ஒன்பது வருஷமா உன் வீட்டுக் கூரையிலே காகம் உட்காரலை. வா தாயி. வலது கையை நீட்டு."

வலது கை! அந்த ஊரிலே கர்த்தர் காரியத்தை இடது கையாலே வாங்கினவர்கள் யாருமே கிடையாது. வாங்கினால் வெட்கக்கேடு.

"ஐயா, என் இடுப்பிலே செருகி விட்டுருங்களேன்" என்றாள்.

"சீ, கோயில் சாவி இடுப்பிலேயா?"

"அப்போ எங்க வீட்டுக்காரர் கையிலே கொடுங்க."

சுவிசேஷமுத்து ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாலே கட்டிக்கொண்டான்.

"அப்போ இந்தக் கலயத்து மேல வையுங்க ஐயா, நான் பயபக்தியாக் கொண்டு போறேன்."

உபதேசியார் வைத்தார். கலயம் உருண்டை. சாவி வழுக்கி மணலிலே விழுந்தது. எடுத்து வைத்தார், விழுந்தது. மறுபடியும் வைத்தார், மறுபடியும் விழுந்தது. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உலைத் தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. அடுப்புக்காரன் கத்தினான்: "யம்மா, சட்டுனு ஆகட்டும்! வெறும் தண்ணிக்கு ஒரு வண்டி விறகு எரிஞ்சுபோச்சு!"

அந்தச் சத்தம் தபீத்தாள் நெஞ்சிலே போய்த் தைத்தது. ஒரு வண்டி விறகு! பருக்கை பருக்கையாகப் பொறுக்கின அவள், ஒரு பிடி அரிசிக்காக ஒரு வண்டி விறகை வீணாக்கிக்கொண்டு நிற்கிறாள். விறகு மட்டுமா? பசித்த பிள்ளைகள் வெறும் இலையை நக்குகிறதை அவள் கண்ணாலே பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விரல் விரியவில்லை. பழகின விரல் அல்லவா?

அப்போது கோயில் கூரையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கோலியாத்து.

"யக்கா! கையை விரி! எங்க தாத்தா வேட்டைக்காரன் வச்ச கலயத்துக்குள்ள கையை விட்டாரு. கடலையைப் பிடிச்சாரு, விடலை. அவன் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டான். எங்க அப்பா கையை விட்டாரு, பிடிச்சாரு, விடலை. அவரையும் கொண்டு போயிட்டான். எங்க சித்தப்பாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியும். அவரும் கையை விட்டாரு, பிடிச்சாரு, விடலை. எங்க வம்சத்துக்கே இதுதான் நோவு. உனக்கு என்னக்கா வந்துச்சு? நீ மனுஷிதானே!"

ஊரே திரும்பி முந்தானைக்குள்ளே பார்த்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை.

தபீத்தாள் கண்ணை மூடினாள். சுண்டுவிரலை விரித்தாள். மோதிரவிரலை விரித்தாள். பிறகு ஐந்தையும் விரித்துவிட்டாள். கலயத்துக்குள்ளே அரிசி சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. கை சுளுவாக வெளியே வந்துவிட்டது.

"ஐயா" என்று அழுதாள், "இது காணிக்கை கொண்டுவந்த கை இல்லை. எங்க வீட்டுக்காரர் கையாலே போட்டதைக் குறைச்சு என் கையாலே போட்டேன். அதையும் குறைச்சுப் பிள்ளை கையாலே போட்டேன். அதையும் குறைச்சுக் குரங்குக் கையாலே போட்டேன். இன்னைக்குக் காலையிலே போட்டதையே திருப்பி எடுக்கப் போனேன். ஐயா, சேக்குறது எதுக்குன்னே மறந்துட்டேன். சாவியை வேற யாருக்காவது கொடுங்க." சொல்லிவிட்டுக் கலயத்தை அப்படியே உபதேசியார் காலடியிலே கவிழ்த்தாள்.

உபதேசியார் மற்றப் பெண்களைப் பார்த்தார். என்ன அநியாயம்! அத்தனை பெண்களும் கையைச் சேலைக்குள்ளே ஒளித்துக்கொண்டார்கள். சாலோமி ரெண்டு கையையும் ஒளித்தாள். அவள் வீட்டுப் பிடியரிசியை இத்தனை நாளும் கோழிக்குஞ்சு கொத்திப் போட்டதாம். அதை இப்போது பேசி என்ன ஆகப்போகிறது?

"அப்போ இந்த ஊரிலே கை நிறைய அள்ளிப் போட்டது இந்தக் குரங்கு ஒண்ணுதானா!" என்று உபதேசியார் கோபத்திலே சாவியைக் கூரைப் பக்கம் நீட்டினார். "இந்தா கோலியாத்து, நீயே வாங்கிக்கோ!"

குரங்கு இறங்கி வந்தது. சாவியை முகர்ந்து பார்த்தது. ஆசை இல்லாமல் இல்லை. பிறகு தலையை ஆட்டிற்று.

"வேண்டாம் ஐயா. நான் இதைப் பிடிச்சா விடமாட்டேன். பசிச்ச பிள்ளை வந்து நின்னாலும் களஞ்சியத்தைத் திறக்க மாட்டேன், அது என் ரத்தம். மாட்டின கையை விரிச்சு வெளியே எடுத்த ஆளை நான் இன்னைக்குத்தான் முதல் முதலாப் பாத்தேன். அந்தக் கையிலே கொடுங்க."

உபதேசியார் யோசித்தார். அவருக்கு வேறு வழியும் இல்லை, இதைவிட நல்ல யோசனையும் இல்லை. தபீத்தாள் வலது கையை நீட்டினாள். கலயத்து விளிம்பு பதிந்த சிவப்புத் தடம் மணிக்கட்டிலே வளையல் போட்டிருந்தது. சாவி அந்தக் கையிலே விழுந்தது.

"ஏ அடுப்புக்காரரே, அரிசி வர்ற வரைக்கும் பாதி விறகை வெளியே இழுங்க! எதுக்கு வீணா எரியுது?" என்று அவள் போட்ட முதல் சத்தத்திலேயே அடுப்புகள் அடங்கின. களஞ்சியத்தைத் திறந்து, பிடிபிடியாக இல்லை, கூடை கூடையாக அரிசியைக் கொட்டினாள். வடித்த கஞ்சியிலே உப்புப் போட்டுக் காத்திருந்த பிள்ளைகளுக்கு முதலிலே ஊற்றினாள். பூசணித் தோலைத் துவையல் ஆக்கினாள், வாழைத்தண்டைப் பொரித்தாள், முருங்கைக்கீரையை உருவி முடித்துக் காம்பைக்கூட ரசத்திலே போட்டாள். எண்ணூறு பேருக்கு என்று அளந்த அரிசியிலே ஆயிரம் பேர் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். கடைசிப் பந்தியிலே கோலியாத்துக்கும் ஒரு இலை போட்டுக் கருப்பட்டிப் பாயசம் ஊற்றினாள். அது ஒரு வாய் குடித்துவிட்டு, "யக்கா, ஆசீர்வாதம் இனிக்கத்தான் செய்யுது" என்றது.

ஆகையினாலே பிள்ளைகளே, பெரியவர்களே, கர்த்தர் நமக்குக் கொடுத்ததைப் பருக்கை சிந்தாமல் சேர்க்கிறது பசித்தவனுக்குக் கை நிறையக் கொடுக்கத்தான். கொடுக்கிற இடத்திலே கையை மடக்குகிறவன் எவ்வளவு சேர்த்தாலும் நல்ல உக்கிராணக்காரன் ஆகமாட்டான்.